சூழலைப் பேசும் இளம் கலைஞர்களுக்குத் துணை நிற்பது எப்படி? சிறு குழுக்களுக்கான வழிகாட்டி

சதுப்பு நிலத்தையும் குப்பைமேட்டையும் சாம்பல் படிந்த கழிமுகத்தையும் தன் வேலைக்கான களமாக எடுத்துக்கொள்ளும் ஓவியருக்கோ சிற்பிக்கோ ஒளிப்படக்காரருக்கோ இன்று மேடை கிடைப்பது பெரிய சிரமமில்லை. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் நெருங்கினால் நாலைந்து அழைப்புகளாவது வந்துவிடும். ஆனால் அந்த வேலையைச் செய்துமுடிக்கும்வரை வாடகை கட்டப் பணம் கிடைக்காது. ஒரே இடத்துக்குப் பலமுறை போய்வரும் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள், செய்துவைத்த பொருளை எங்கே கொண்டுபோவது என்று கேட்கவும் ஆள் இருக்காது. இந்த இடைவெளியைத்தான் சிறு குழுக்கள் நிரப்ப முடியும்.

ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், ஊர் நூலகக் குழு, சூழல் ஆர்வலர்கள் என்று ஐந்து முதல் பத்துப் பேர் சேர்ந்தாலே போதும். மூன்று கலைஞர்களுக்கு எட்டு மாத உதவித்தொகைத் திட்டம் ஒன்றை எப்படி நடத்துவது என்பதைத் தமிழ்நாட்டுச் சூழலை வைத்து வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் பணக் கணக்கு

அழைப்பு வெளியிடும் முன் ஒரு கலைஞருக்கு எவ்வளவு, எதற்கு என்று எழுதி முடித்துவிடுங்கள். ஒருவருக்கு 2,00,000 ரூபாய் என்றால் இப்படிப் பிரிக்கலாம்:

- மாத உதவித்தொகை: 12,000 வீதம் 8 மாதம், 96,000
- பொருட்கள்: 30,000
- பயணம், தங்குமிடம்: 16,000
- களத்தில் உதவுவோருக்கும் வழிகாட்டுவோருக்கும் கூலி: 12,000
- ஆலோசகர் மதிப்பூதியம்: 15,000
- ஒளிப்படம், வீடியோ ஆவணம்: 10,000
- கழற்றுதல், திருப்பி அனுப்புதல்: 8,000
- எதிர்பாராச் செலவு: 13,000

மூன்று பேருக்கு 6,00,000. பொதுக் கண்காட்சிக்குத் தனியாக 1,00,000. மொத்தம் ஏழு லட்சம்.

இந்தப் பட்டியலில் முதல் வரியில் கை வைக்காதீர்கள். பணம் குறைந்தால் எல்லாரும் முதலில் வெட்டுவது கலைஞரின் மாதத் தொகையைத்தான். பிரேமுக்குக் காசு இருக்கும், பிரேமுக்குள் இருக்கும் படத்தை வரைந்தவருக்கு இருக்காது. அப்படிச் செய்தால் வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிப்பார்கள். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, பகலில் விளம்பரப் பலகை வேலை பார்த்துக்கொண்டு இரவில் வரைபவர் உங்கள் திட்டத்துக்குள் வரவே மாட்டார்.

கையில் 50,000 ரூபாய்தான் இருக்கிறதென்றால் ஒரே கலைஞர், இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி வேண்டாம். கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்யும் இடத்துக்கு முப்பது பேரை அழைத்து, அதுவரை முடிந்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அரைகுறைப் பணத்தில் மூன்று பேரை இழுத்தடிப்பதைவிட இது மேல்.

பணம் தரும் முறையும் முக்கியம். “செலவு செய்துவிட்டு பில் கொடுங்கள், தருகிறோம்” என்பது இளம் கலைஞரைக் கடனாளியாக்கும். உதவித்தொகை மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். பொருள் செலவில் பாதியைத் தொடக்கத்திலும் மீதியைப் பாதி வழியிலும் முன்பணமாகக் கொடுங்கள். பில் பிறகு வரட்டும். பழைய இரும்புக் கடையிலும் மீன்பிடித் துறையிலும் ஜிஎஸ்டி பில் கிடைக்காது. தேதி, பொருள், எடை, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கிய வவுச்சர் போதும் என்று உங்கள் ஆடிட்டரிடம் முன்பே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

பணம் எங்கிருந்து, எந்தக் கணக்கில்

புதிதாக அறக்கட்டளை தொடங்குவதில் முதல் ஆண்டே ஓடிவிடும். ஏற்கெனவே பதிவு பெற்று இயங்கும் ஓர் அமைப்பின் கணக்கில் தனித் தலைப்பு வைத்துத் தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது. அவர்களுக்கு நிர்வாகச் செலவாகச் சிறு தொகை கொடுத்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து பணம் வரும் என்றால் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வங்கி வழியே தன் சொந்தச் சேமிப்பை அனுப்பினால், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊரிலிருக்கும் அவருடைய அண்ணன் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்து, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை வைத்திருந்தால், அவர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடக் கூடாது. பதிவுள்ள அமைப்பும் அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தர 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடை போட்டிருக்கிறது. “வாட்ஸ்அப்பில் கேட்டோம், எல்லாரும் அனுப்பினார்கள்” என்று ஒரே கணக்கில் குவித்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கலைஞருக்குக் கட்டணமாகப் போகும் தொகை ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் வரும். பான் எண் இல்லாவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முதல் மாதம் 12,000 எதிர்பார்த்தவருக்கு 10,800 வந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சூழல் பாதுகாப்பும் கலை பண்பாடும் இரண்டுமே இருக்கின்றன. ஆனால் எந்த ஆற்றைப் பற்றிக் கலைஞர் வேலை செய்யப்போகிறாரோ அதே ஆற்றில் கழிவு விடும் ஆலையின் பணத்தை வாங்குவதா என்பதை அழைப்புக்கு முன்பே குழுவில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வாங்குவதில்லை என்பதே எங்கள் நிலை. வேறு எந்த நிதியாளராக இருந்தாலும், படைப்பின் உள்ளடக்கத்தில் தலையிட உரிமையில்லை என்ற ஒரு வரி கடிதத்தில் இருக்க வேண்டும்.

அழைப்பும் தேர்வும்

காலக்கணக்கைப் பருவத்தோடு பொருத்துங்கள். ஜூனில் அழைப்பு, ஜூலை இறுதியில் தேர்வு, ஆகஸ்டில் தொடக்கம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை களப்பணிக்குள் விழும். ஏரியும் சதுப்பும் நிறைவதையும், எந்தத் தெரு மூழ்குகிறது என்பதையும் பார்க்காமல் சென்னையின் நீரைப் பற்றி என்ன வரைய முடியும்? ஜனவரியிலும் பிப்ரவரியிலும் செய்து முடித்து, வெயில் ஏறுவதற்குள் மார்ச்சில் கண்காட்சி வைத்துவிடலாம். விசைப்படகு மீனவர்களோடு சேர்ந்து செய்யும் வேலையானால் இந்த அட்டவணை ஒத்துவராது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போதுதான் அவர்கள் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டு பேச நேரத்தோடு இருப்பார்கள். அவர்களுக்கு வருமானம் இல்லாத காலமும் அதுதான். எனவே அவர்கள் தரும் நேரத்துக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

வயது வரம்பு வைக்காதீர்கள். “முதல் முறை பொதுவில் காட்டி ஏழு ஆண்டுகளுக்குள் இருப்பவர்” என்று வையுங்கள். திருமணம், குழந்தை என்று இடைவெளி விட்டுத் திரும்பி வரும் பெண்கள் 35 வயது வரம்பில் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

விண்ணப்பம் தமிழிலேயே இருக்கட்டும். 300 சொல் எழுத்து, அல்லது மூன்று நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு, இரண்டில் எது முடியுமோ அது. கூடவே முந்தைய வேலைகளின் ஐந்து படங்கள். கைப்பேசியில் எடுத்தவையே போதும். கான்செப்ட் நோட் என்ற பெயரில் நாலு பக்க ஆங்கிலம் கேட்டால், எழுதத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். செய்யத் தெரிந்தவர்கள் வர மாட்டார்கள். கேள்விகள் இந்த அளவுக்கு நேரடியாக இருக்கட்டும்:

எந்த இடம்? அங்கே இதுவரை எத்தனை முறை போயிருக்கிறீர்கள்? இந்த எட்டு மாதத்தில் எத்தனை முறை போவீர்கள்? அங்கே யாரோடு பேசுவீர்கள்? என்ன பொருளில் செய்வீர்கள்? கண்காட்சி முடிந்தபின் அந்தப் பொருள் எங்கே போகும்?

கடைசிக் கேள்விக்கு முழுப் பதில் யாரிடமும் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. யோசித்திருக்கிறாரா என்பதுதான் தெரிய வேண்டும்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர் போதும். கலைஞர் ஒருவர், சூழல் அறிவியலோ களப்பணியோ தெரிந்தவர் ஒருவர், அந்த வகை நிலத்தில் வாழ்ந்து பிழைப்பவர் ஒருவர். மூவருக்கும் மதிப்பூதியம் உண்டு. மூன்றாமவரை மரியாதைக்கு உட்கார வைத்துவிட்டு மற்ற இருவர் முடிவெடுக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடும். அதைத் தவிர்க்க, முதல் சுற்றில் மூவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டபின் பேசத் தொடங்குங்கள். தேர்வாகாதவர்களுக்கும் இரண்டு வரி காரணம் எழுதுங்கள். நாற்பது விண்ணப்பம் வந்தால் அது ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

வந்து குவியும் யோசனைகளில் பிளாஸ்டிக் பாட்டிலால் செய்த மீனும் திமிங்கலமும் நிறைய இருக்கும். உடனே ஒதுக்க வேண்டாம். எந்தப் பாட்டில், எங்கே கிடந்தது, யார் பொறுக்கினார் என்று கேளுங்கள். எண்ணிக்கை போதாமல் கடையில் புதுப் பாட்டில் வாங்கி முடிக்கப்படும் பிளாஸ்டிக் எதிர்ப்புச் சிற்பங்கள் உண்டு. பதில் தெளிவாக இருந்தால் அந்த மீனும் நல்ல வேலையாகலாம்.

ஒப்பந்தம்: ஒன்றரைப் பக்கம், தமிழில்

பெரும்பாலோர் தவறவிடும் இடம் பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கும் வரையப்பட்ட ஓவியத்துக்கும் எடுக்கப்பட்ட திரைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது ஒன்றும் எழுதாமல் விட்டால் கலைஞரின் உரிமை உங்கள் அமைப்புக்கு வந்துவிட இடமுண்டு. “படைப்பும் அதன் பதிப்புரிமையும் கலைஞருடையவை. இத்திட்டத்தைப் பற்றிய அறிவிப்புகளில் அவர் பெயரோடு படங்களைப் பயன்படுத்தக் குழுவுக்கு அனுமதி உண்டு” என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

அதோடு, பணம் வரும் தேதிகள், நோய்வாய்ப்பட்டால் எத்தனை வாரம் தள்ளிப்போடலாம், படைப்பு விற்றால் குழுவுக்குப் பங்கு இல்லை என்பது, போக்குவரத்தில் சேதமானால் யார் பொறுப்பு, வேலை எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் உதவித்தொகையைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்ற உறுதி ஆகியவையும் இருக்கட்டும். கடைசி வரி கலைஞருக்குத் தரும் துணிச்சல் பெரிது. தோற்க இடமில்லாத இடத்தில் எல்லாரும் தெரிந்ததையே திரும்பச் செய்வார்கள்.

களம்

ஒரு கலைஞருக்கு இரண்டு ஆலோசகர்கள் வேண்டும். ஒருவர் கலைப்பக்கம், மற்றவர் நிலத்தின் பக்கம். பள்ளிக்கரணை என்றால் கேர் எர்த் டிரஸ்ட் போன்று அந்தச் சதுப்பில் நெடுநாள் வேலை செய்தவர்களிடமும், பிச்சாவரம் அலையாத்திக் காடு என்றால் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திடமும் ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுங்கள். தகவல் பிழை படைப்பில் ஏறிவிட்டால் அதை வைத்தே மொத்த வேலையையும் தள்ளிவிடுவார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்தது 2022இல். எண்ணூரில் எண்ணெய் படிந்தது ஒரு முறை இல்லை: 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியபோது ஒருமுறை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இன்னொரு முறை. இரண்டையும் குழப்பினால் அந்த ஊர்க்காரரே முதலில் முகம் சுளிப்பார்.

முதல் இரண்டு பயணங்களில் கேமரா வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். நோட்டும் பென்சிலும் போதும். ஒருவரின் முகத்தை எடுப்பதற்கு முன், அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்பதைத் தமிழில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கண்காட்சி, இணையம், விற்பனை மூன்றுக்கும் தனித்தனியே கேளுங்கள். கண்காட்சிக்குச் சரி, விற்பனைக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. படகு ஓட்டி வழிகாட்டுபவருக்கும் பழைய கதை சொல்லும் பாட்டிக்கும் அரை நாள் கூலி அங்கே என்ன நடப்போ அதற்குக் குறையாமல் கொடுங்கள்.

அனுமதிகளுக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். காப்புக்காடும் சரணாலயமும் என்றால் மாவட்ட வன அலுவலருக்கும், ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் என்றால் நீர்வளத் துறைக்கும், மெரினாவில் எதையாவது நிறுத்தி வைக்க மாநகராட்சிக்கும் எழுத்துப்பூர்வ விண்ணப்பம் போக வேண்டும். கலைஞர் தனியாளாக எழுதினால் கோப்பு நகராது. அமைப்பின் கடிதத்தாளில், நாள், ஆட்கள், கொண்டுபோகும் பொருள், திரும்பக் கொண்டுவரும் பொருள் எல்லாவற்றையும் எழுதிக் குழுவே அனுப்பட்டும். ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதற்கான பதிவும் அனுமதியும் தனி.

பொறுக்கி எடுப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கரை ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத் துண்டு, கடல்விசிறி, கடல்குதிரை இவற்றை எடுத்துப் பையில் போட்டால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். உயிர் இல்லை, கரையில் கிடந்தது என்ற சமாதானம் செல்லாது. மன்னார் வளைகுடா பற்றி வேலை செய்பவரிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள். வரையலாம், படம் எடுக்கலாம், களிமண்ணில் வடிக்கலாம், எடுத்துவர மட்டும் கூடாது.

பொருள்: இங்கேதான் அதிக நேரம் போக வேண்டும்

எண்ணூர்ச் சாம்பலைத் தொட்டு வரைய நினைப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் மிக நுண்ணிய தூள். அதில் சிலிக்காவும் கன உலோகங்களும் உண்டு. உலர்ந்த நிலையில் கொட்டினாலோ சலித்தாலோ நேரே நுரையீரலுக்குப் போகும். என்95 முகமூடி, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. எப்போதும் ஈரமாகவே கையாள வேண்டும். பசையில் குழைத்துப் பூசியபின் மேலே ஒரு பூச்சுக் கொடுத்து அடைக்க வேண்டும். தரையில் தூவிய சாம்பலின் மேல் பார்வையாளர் நடக்கும் இன்ஸ்டலேஷனுக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. குழந்தைகளும் வருவார்கள்.

பிளாஸ்டிக்கை உருக்குவதும் அப்படித்தான். பிவிசியைச் சுட்டால் வரும் புகை நஞ்சு. தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் அறுத்தால் ஸ்டைரீன் ஆவி வரும். வெட்டலாம், தைக்கலாம், பின்னலாம், நெருப்பு மட்டும் வேண்டாம்.

“இயற்கைப் பொருள்” என்ற பெயரும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. துணிக்குச் சாயம் ஏற்றுவதைப் பாருங்கள். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு ஏறத்தாழ 200 கிராம் கடுக்காய்த் தூள், 150 கிராம் படிகாரம், தொட்டிக்குக் குறைந்தது 20 லிட்டர் தண்ணீர். அலசல்களையும் சேர்த்தால் 80 லிட்டரைத் தொடும். நீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிய படைப்புக்கு 40 கிலோ துணி சாயம் போட நினைத்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். படிகாரமும் இரும்பும் பாதகமில்லை. குரோமியம் உப்பைச் சாயம் நிலைக்கச் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளை மட்டும் விட்டுவிடுங்கள். மஞ்சள் கிழங்கில் எடுத்த சாயம் வெளிச்சத்தில் நிற்காது. ஜன்னலோரம் மூன்று வாரம் தொங்கினால் வெளுத்துவிடும். விழுப்புரம் பக்கம் விளையும் அவுரியில் எடுத்த நீலம் நிற்கும். வெல்லத்தோடு துருப்பிடித்த இரும்பை ஊறவைத்துக் கலம்காரிக் கலைஞர்கள் எடுக்கும் கருப்பு, கடுக்காய் ஏற்றிய துணியில் ஆழமாகப் பிடிக்கும்.

சீமைக் கருவேல மரத்தை வைத்து வேலை செய்பவருக்கு, படம் வரையப் பயன்படும் கரிக்குச்சியான வரைகரி ஒரு நல்ல தொடக்கம். விரல் கனத்துக்கும் குறைவான குச்சிகளைப் பட்டை உரித்து உலர்த்தி, மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, விறகுத் தீயில் வையுங்கள். துளை வழியே வரும் புகை மெலிந்து நிற்கும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு டப்பா முழுதாக ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் பற்றிச் சாம்பலாகும். அவசரத்தில் எல்லாரும் கெடுத்துக்கொள்வது இதில்தான். குச்சி உள்ளே பழுப்பாக இருந்தால் தீ போதவில்லை. அது தாளில் கீறுமே தவிரக் கறுக்காது.

நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் உண்ணிச்செடி (லாண்டானா) தண்டுகளால் செய்யப்படும் ஆளுயர யானைகள் பலருக்குத் தெரிந்திருக்கும். ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் என்ற குழுவில் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், சோளிகர் சமூகக் கைவினைஞர்கள் அவற்றைச் செய்கிறார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024 முதல் அமெரிக்காவிலும் நின்றன. தண்டை வேகவைத்துப் பட்டை உரித்து, வளையும் பதத்திலேயே இரும்புச் சட்டத்தில் கட்டுகிறார்கள். காட்டை நெரிக்கும் அயல் செடி வெளியேறுகிறது, செய்பவருக்குக் கூலியும் கிடைக்கிறது. பொருளும் பேசுபொருளும் ஒன்றாகும் இடம் இது. ஆனால் இதைப் பார்த்துத் தானும் செய்ய விரும்பும் இளம் கலைஞர், வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போய் உண்ணிச்செடியும் வெட்ட முடியாது. அந்தக் கைவினை தெரிந்தவரிடம் கற்றால் கற்பித்ததற்குக் கூலி, படைப்பில் அவர் பெயர், இரண்டும் வேண்டும். வேகவைக்காத தண்டும் பதப்படுத்தாத மூங்கிலும் சில மாதத்தில் உளுத்துக் கொட்டும். மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடுவது பழைய வழி, போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது இன்றைய வழி.

ஒவ்வொரு கலைஞரிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்துப் பொருள் பதிவேடு எழுதச் சொல்லுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

பழைய நைலான் வலை, 14 கிலோ. வாங்கிய இடம்: காசிமேடு, பழைய வலைக் கடை. சேர்மானம்: நைலான் கயிறு மட்டும். பெயின்ட், ரெசின் இல்லை. முடிந்தபின்: அதே கடைக்கு எடை போட்டுத் திரும்பும்.

இதில் “சேர்மானம்” என்ற வரிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வலை தனியாக இருந்தால் விலை போகும். எபாக்ஸி ரெசின் ஊற்றிய வலையை எந்தக் காயலான் கடையிலும் எடுக்க மாட்டார்கள். பெயின்ட் அடித்த பாட்டிலும், தகரத்தில் ஒட்டிய துணியும் அப்படியே. ஒட்டுவதற்குப் பதில் கட்டுவது, தைப்பது, திருகாணி போடுவது என்று முதலிலேயே பழகிவிட்டால் கடைசியில் எல்லாம் பிரியும். வேலை தொடங்கும் முன் கலைஞரைப் பகுதியிலுள்ள காயலான் கடைக்கு அழைத்துப்போய், எது போகும், எது போகாது, கிலோ என்ன விலை என்று அரை மணி நேரம் கேட்க வையுங்கள். எந்தக் கருத்தரங்கிலும் இது கிடைக்காது.

கண்காட்சி

ஃப்ளெக்ஸ் வேண்டாம். 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர்களும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. தடிமனான ஃப்ளெக்ஸ் தடைக்குள் வராது என்று கடைக்காரர் சொல்வார். அதுவும் கண்காட்சி முடிந்தால் குப்பைதான். பருத்தித் துணியில், விளம்பரப் பலகை எழுதுபவரைக் கொண்டு கையால் எழுத வையுங்கள். தேதியைத் தனித் துண்டில் எழுதித் தைத்தால் அடுத்த ஆண்டும் அதே துணி உதவும். சுவரொட்டிக்கு மைதாப் பசையே போதும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது நஞ்சு என்பதால் கையுறையோடு கலக்க வேண்டும்.

தடுப்புச் சுவருக்குப் புது பிளைவுட் வாங்காமல் பந்தல்காரரிடம் போங்கள். சவுக்குக் கட்டை, தட்டி, துணி எல்லாம் வாடகைக்குத் தந்து, அவரே கட்டி அவரே பிரித்துக்கொண்டு போவார். எத்தனையோ கல்யாணம் பார்த்த அந்தக் கட்டைகள் இன்னும் பல கண்காட்சிகளைத் தாங்கும்.

மின்சாரத்தில் எல்லாரும் ப்ரொஜெக்டரைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். 300 வாட் ப்ரொஜெக்டர் நாளுக்கு 8 மணி நேரம் 21 நாள் ஓடினால் 50 யூனிட். 1.5 டன் ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால் அதே காலத்தில் 252 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு ஏசிக்கு மட்டும் ஏறத்தாழ 175 கிலோ ஆகிறது. எனவே நேரத்தை மாலை 4 முதல் 9 என்று மாற்றுங்கள். மின்விசிறி போதும். வேலைக்குப் போகிறவர்களும் அப்போதுதான் வர முடியும்.

இடத்துக்குத் தனியார் காலரிகளை மட்டும் நம்ப வேண்டாம். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையம் இருக்கிறது. ஈஞ்சம்பாக்கத்தில் 1966 முதல் இயங்கும் சோழமண்டலம் கலைஞர் கிராமம் இருக்கிறது, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. இவற்றில் காட்டுவதற்கு முன்னோ பின்னோ, வேலை பிறந்த ஊரில் ஒரு நாளாவது காட்டியே ஆக வேண்டும். பள்ளிக்கூட வராந்தாவோ மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடமோ போதும்.

அனுப்பிவைக்கும்போது முழு லாரி பிடிக்காமல், சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ரிட்டர்ன் லோடு லாரியைக் கேளுங்கள், செலவும் டீசலும் மிச்சம். பெட்டிக்கு ஆணி அடிக்காமல் திருகாணி போட்டால் அதே பெட்டி திரும்பி வரும். பபுள் ராப்புக்குப் பதில் பழைய காட்டன் புடவையும் போர்வையும் சுற்றுங்கள். வைக்கோல் வேண்டாம், ஈரமும் பூச்சியும் சேர்ந்தே வரும்.

கண்காட்சிக்குப் பின்

முடிந்த மறுநாளே கழற்றத் தொடங்காமல் இரண்டு நாள் ஒதுக்குங்கள். அவசரத்தில் கழற்றினால் பிரிக்க வேண்டியதெல்லாம் ஒரே கோணியில் விழுந்து கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோ பெருங்குடிக் குப்பைமேட்டுக்கோ போய்ச் சேரும். பொருள் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவையும் வரிசையாக முடித்து எழுதுங்கள்: இது திரும்பிப் போனது, இது கலைஞரிடம் இருக்கிறது, இது விற்றது, இது குப்பைக்குப் போனது. குப்பைக்குப் போனதன் எடையையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் கலைஞருக்குக் கொடுக்க இதைவிடப் பயனுள்ள பாடநூல் கிடையாது.

களத்தில் உதவியவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர்கள் இருக்கும் படத்தின் அச்சுப் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது கணக்கில் வராது.

கலைஞருக்கு முப்பது நாளுக்குள் மூன்று பொருள் கைக்குப் போக வேண்டும். அச்சிடும் தரத்தில் பதினைந்து படங்கள், அளவும் பொருளும் ஆண்டும் எழுதிய படைப்புப் பட்டியல், என்ன செய்தார் என்று விவரமாகச் சொல்லும் பரிந்துரைக் கடிதம். டெல்லியின் கலை அமைப்பான கோஜ், கொச்சி பினாலே கலைக் கண்காட்சியின் மாணவர் பிரிவு போன்ற இடங்களுக்கு அடுத்து விண்ணப்பிக்க இவை மூன்றும் கையில் இருக்க வேண்டும். அந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கப்படுவதால், அவர் தமிழில் எழுதித் தருவதை மொழிபெயர்க்கக் குழுவில் ஒருவரை ஓராண்டுக்குப் பொறுப்பாக்கிவிடுங்கள். அந்த ஒருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் கடைசித் தவணையோடு போகும் கடிதத்திலேயே இருக்கட்டும்.